டயரைத் தின்பது கேம்பரா, டோவா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். காரின் சஸ்பென்ஷனைத் தாழ்த்துவது குறித்துத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் வெளியான கட்டுரை, ஸ்பிரிங்குகளின் வகைகளையும் அவற்றைப் பொருத்தும் முறையையும் தெளிவாகவே விளக்கியிருந்தது. ஆனால், தாழ்த்திய கார்களின் டயர்கள் உட்புறமாகச் சீக்கிரம் தேய்ந்துபோவதற்குக் கேம்பர் கோணம், அதாவது சக்கரத்தின் சாய்வுதான் காரணம் என்றும், கேம்பர் போல்ட் போட்டு அதைச் சரிசெய்துவிட்டால் சிக்கல் தீர்ந்துவிடும் என்றும் அதில் எழுதியிருந்ததை அப்படியே விட்டுவிட மனம் வரவில்லை. வீல் அலைன்மென்ட் (சக்கரக் கோணங்களை அளந்து திருத்தும்) தொழிலில் இருப்பவன் என்ற முறையில், அந்தக் கருத்து பாதி உண்மை என்பதையும், தாழ்த்திய கார்களில் டயர்கள் வீணாவதற்கான முக்கியக் காரணம் விடுபட்ட மறுபாதியில்தான் இருக்கிறது என்பதையும் வாசகர்களுக்குச் சொல்ல விரும்புகிறேன்.

காரை முன்னால் நின்று பார்க்கும்போது சக்கரத்தின் மேல்பகுதி உள்ளே சாய்ந்திருந்தால் அது நெகட்டிவ் கேம்பர். காரைத் தாழ்த்தினால் பெரும்பாலான கார்களில் கேம்பர் அந்தப் பக்கம் நகரும் என்பதில் ஐயமில்லை. சாய்ந்து நிற்கும் சக்கரம் யார் கண்ணுக்கும் தெரியும் என்பதால் பழி முழுவதும் அதன் தலையில் விழுந்துவிடுகிறது. டோ அப்படிக் கண்ணில் படுவதில்லை. மேலிருந்து பார்த்தால் இரு சக்கரங்களின் முன்விளிம்புகளும் ஒன்றையொன்று நோக்கித் திரும்பியிருப்பது டோ-இன். ஒன்றைவிட்டு ஒன்று விலகியிருப்பது டோ-அவுட். ஒரு சக்கரம் கால் டிகிரி திரும்பியிருந்தால், 16 அங்குல ரிம்மின் முன்விளிம்புக்கும் பின்விளிம்புக்கும் இடையே 2 மில்லிமீட்டர் வேறுபாடுகூட வராது. காரின் பக்கத்தில் குனிந்து எவ்வளவு கூர்ந்து பார்த்தாலும் இதைக் கண்டுபிடிக்க முடியாது.

ஆனால், டயர் அதை உணர்கிறது. கார் நேராக ஓடும்போது கால் டிகிரி திரும்பிய சக்கரம் வேறொரு திசையில் உருள முயல்கிறது. கார் அதை விடுவதில்லை. கணக்கிட்டுப் பார்த்தால், ஓடும் ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் அந்த டயர் ஏறத்தாழ 4.4 மீட்டர் பக்கவாட்டில் இழுபட வேண்டியிருக்கிறது. 10,000 கிலோமீட்டர் ஓடினால் அது ஏறத்தாழ 44 கிலோமீட்டர் ஆகிவிடும். டயரின் ரப்பர் ஓரளவு நெளிந்துகொடுத்து இதில் ஒரு பகுதியைத் தாங்கிக்கொள்ளும் என்றாலும், எஞ்சியது தேய்மானமாகத்தான் வெளியேற வேண்டும்.

கேம்பரின் கதை வேறு. 2 டிகிரி நெகட்டிவ் கேம்பரில் நிற்கும் டயர் தரையைத் தொடும் அகலம் 180 மில்லிமீட்டர் எனக் கொண்டால், அதன் உள்விளிம்புக்கும் வெளிவிளிம்புக்கும் இடையே 6 மில்லிமீட்டருக்குச் சற்று மேற்பட்ட உயர வேறுபாடு ஏற்படுகிறது. டயர் மரக்கட்டையாக இருந்திருந்தால் வெளிவிளிம்பு தரையைத் தொட்டே இருக்காது. காற்றடைத்த டயரின் பக்கச்சுவர் வளைந்துகொடுப்பதால் முழு அகலமும் தரையில் படிகிறது; உள்பக்கத்தில் அழுத்தம் மட்டும் கூடுகிறது. பென்சில் எழுத்தை அழிக்கும் ரப்பரைத் தாளின் மேல் அழுத்தி வைத்தால் அது கரைவதில்லை. அழுத்தியபடி இழுத்தால்தான் துகள் துகளாக உதிர்கிறது. கேம்பர் செய்வது அழுத்துவது; டோ செய்வது இழுப்பது. தாழ்த்திய காரில் இவை இரண்டும் ஒரே இடத்தில், டயரின் உள்தோளில் (உள்விளிம்பில்) சேர்ந்துகொள்கின்றன. எந்த இடம் தேய வேண்டும் என்பதைக் கேம்பரும், எவ்வளவு வேகமாகத் தேய வேண்டும் என்பதைப் பெரும்பாலும் டோவும் முடிவு செய்கின்றன. அதனால்தான், ஒன்றரை டிகிரி நெகட்டிவ் கேம்பரோடு டோ சரியாக அமைந்த கார்கள் டயர்களைக் கிட்டத்தட்ட அவற்றின் முழு ஆயுளுக்கும் பயன்படுத்துவதையும், அதே கேம்பரில் டோ மட்டும் பிசகிய கார்கள் சில ஆயிரம் கிலோமீட்டரிலேயே உள்விளிம்பை மொட்டையாக்கிவிடுவதையும் பார்க்க முடிகிறது. அழகுக்காக 6, 7 டிகிரி வரை சக்கரத்தைச் சாய்த்துக்கொள்பவர்களுக்கு இந்த வாதம் பொருந்தாது. அந்த அளவில் கேம்பர் மட்டுமே டயரைத் தின்றுவிடும். சாலையில் தினமும் ஓடும் காரை 30, 40 மில்லிமீட்டர் தாழ்த்துபவர்களைப் பற்றியே நான் பேசுகிறேன்.

தாழ்த்தும்போது டோ ஏன் மாறுகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனெனில் ஸ்பிரிங்கை மட்டும்தானே மாற்றினோம், ஸ்டியரிங்கைத் தொடவே இல்லையே என்று கார் உரிமையாளர்கள் கேட்பது நியாயமான கேள்வி. முன்சக்கரத்தை, அதைக் காரின் அடிப்பகுதியோடு இணைக்கும் கை போன்ற லோயர் ஆர்ம் ஒரு வட்ட வில்லில் மேலும் கீழும் நகரவிடுகிறது. ஸ்டியரிங்கைத் திருப்பும்போது பக்கவாட்டில் நகரும் ஸ்டியரிங் ராக்கிலிருந்து வந்து சக்கரத்தைத் திருப்பும் தண்டான டை ராட் தன் சொந்த வட்ட வில்லில் நகர்கிறது. கார் எந்த உயரத்துக்கு வடிவமைக்கப்பட்டதோ அந்த உயரத்தை ஒட்டி இவ்விரண்டு வில்களும் ஏறத்தாழ இணையாகச் செல்லும்படி பொறியாளர்கள் நீளங்களையும் கோணங்களையும் தேர்ந்திருப்பார்கள். காரின் உடல் 35 மில்லிமீட்டர் கீழே இறங்கிவிட்டால், இரண்டு வில்களும் பிரிந்துபோகும் பகுதியில் சக்கரம் நிரந்தரமாகக் குடியேறிவிடுகிறது. டை ராட்டின் முனை சற்றே உள்ளே இழுபடும் அல்லது வெளியே தள்ளப்படும். ராக் சக்கர அச்சுக்கு முன்னால் இருக்கிறதா பின்னால் இருக்கிறதா என்பதைப் பொறுத்து அது டோ-இன்னாகவோ டோ-அவுட்டாகவோ முடியும். இதே காரணத்தால், மேடு பள்ளத்தில் சக்கரம் ஏறி இறங்கும்போது ஸ்டியரிங்கைத் திருப்பாமலேயே கார் சற்றுத் திரும்பும் பம்ப் ஸ்டியர் என்ற கோளாறும் கூடிவிடுகிறது. நின்றிருக்கும் காரில் டோவைச் சரிசெய்தாலும் ஓட்டத்தில் ஏற்படும் இந்த மாற்றம் போகாது. அதற்கு டை ராட் எண்டின் உயரத்தை மாற்றும் தனி உதிரிபாகம் தேவைப்படும். மிதமாகத் தாழ்த்திய கார்களுக்கு அது பெரும்பாலும் தேவைப்படுவதில்லை.

1950-இல் வெளிவந்த ஃபோர்டு கான்சல், செஃபிர் கார்களில் பயன்பட்டு, பின்னர் உலகின் பெரும்பாலான சிறிய கார்களின் முன்பக்கத்தைப் பிடித்துக்கொண்ட, ஸ்பிரிங்கும் ஷாக் அப்சார்பரும் ஒரே தூணாக அமைந்த மெக்ஃபெர்சன் ஸ்ட்ரட் அமைப்புக்கு இன்னொரு குணமும் உண்டு. அதன் லோயர் ஆர்ம் வெளிமுனை நோக்கிக் கீழே சரிந்திருக்கும் வரை, சக்கரம் மேலேறும்போது நெகட்டிவ் கேம்பர் கூடும். காரை அளவுக்கு மீறித் தாழ்த்தி, அந்த ஆர்ம் வெளிமுனை நோக்கி மேலே சரியத் தொடங்கிவிட்டால், இந்தப் போக்கு ஒரு கட்டத்தில் தலைகீழாகிவிடும்: வளைவில் கார் சாயும்போது, பாரம் ஏறும் வெளிச்சக்கரம் தனக்கு வேண்டிய நெகட்டிவ் கேம்பரை இழக்கத் தொடங்கும். கூடவே, காரின் உருள்மையம் (வளைவில் உடல் எந்தப் புள்ளியைச் சுற்றிச் சாய்கிறதோ அந்தப் புள்ளி) ஈர்ப்பு மையத்தைவிட அதிகமாகக் கீழே இறங்கிவிடுவதால், வளைவில் உடலைச் சாய்க்கும் நெம்புவிசையும் கூடுகிறது. தாழ்த்தினால் கார் வளைவில் நன்றாகப் பிடிக்கும் என்று நம்பி மேலும் மேலும் இறக்குபவர்கள் கவனிக்கத் தவறும் இடம் இது. மேலும் கீழும் இரண்டு ஆர்ம்கள் கொண்ட இரட்டை விஷ்போன் அமைப்பில் மேல் ஆர்ம் குட்டையாக இருப்பதால் கேம்பர் மாற்றம் பொதுவாக இதைவிட வேகமாக நிகழும்.

பின்சக்கரங்களைப் பற்றிக் கட்டுரை ஒரு வரிகூட எழுதவில்லை. பின்சக்கரங்கள் இரண்டையும் ஒரே முறுக்குத் தண்டு இணைக்கும் டார்ஷன் பீம் கொண்ட சிறிய கார்களில் தாழ்த்துவதால் பின்பக்கக் கோணங்கள் அதிகம் மாறுவதில்லை. மாறினாலும் ஷிம் என்ற மெல்லிய தகடுகள் வைப்பதைத் தவிர வேறு வழி பெரும்பாலும் இருக்காது. ஒவ்வொரு சக்கரத்தையும் பல ஆர்ம்கள் தாங்கும் மல்டி-லிங்க் அமைப்பு கொண்ட கார்களில் நிலைமை நேர்மாறு: கேம்பரும் டோவும் சேர்ந்தே நகரும். அவற்றில் பலவற்றுக்குப் பின்பக்க டோவைத் திருத்தும் வசதி உண்டு, கேம்பரைத் திருத்தும் வசதி இல்லை. அதற்கு நீளம் மாற்றத்தக்க ஆர்ம்களை வாங்கித்தான் பொருத்த வேண்டும். முன்சக்கரங்களை மட்டும் பார்த்து அனுப்பிவிடும் இடங்களில் இந்தக் கார்களை விடாதீர்கள் என்பேன். பின்சக்கரங்கள் இரண்டும் சேர்ந்து காரை எந்தத் திசையில் தள்ளுகின்றனவோ அந்தத் திசையை ஆதாரமாக வைத்துத்தான் முன்சக்கரங்களை அமைக்க வேண்டும். இல்லையென்றால் ஸ்டியரிங் வீல் கோணலாக நிற்க, கார் நேராக ஓடும். பின்பக்கத்தில் டோ-அவுட் வந்துவிட்டால் டயர் தேய்வதோடு நிற்காது. வேகத்தில் தடம் மாற்றும்போது காரின் வால் அலைபாயும்.

கேம்பர் போல்ட் விஷயத்துக்கு வருகிறேன். ஸ்ட்ரட்டையும், சக்கரத்தைத் தாங்கும் ஸ்டியரிங் நக்கிளையும் இணைக்கும் இரண்டு போல்ட்டுகளில் ஒன்றை எடுத்துவிட்டு, மையம் விலகிய போல்ட்டைப் பொருத்தித் திருப்பினால் நக்கிளின் மேல்பகுதி உள்ளேயோ வெளியேயோ நகரும். ஆனால், டை ராட் எண்ட் பொருந்தியிருப்பதும் அதே நக்கிளில்தான். நக்கிள், கீழே உள்ள பால் ஜாயின்ட்டை (உருண்டை மூட்டை) மையமாகக் கொண்டு சாயும்போது, அதைவிட உயரமான இடத்தில் டை ராட் இணைந்திருந்தால் அந்த இணைப்பு பக்கவாட்டில் நகர முயலும். டை ராட் நகரவிடாது. ஆகவே, சக்கரம் திரும்பிக்கொள்ளும். ஒரு டிகிரி கேம்பரைத் திருத்துவது, பல கார்களில் நிறுவனம் அனுமதிக்கும் டோ அளவு முழுவதையும் தாண்டிப்போகும் அளவுக்கு டோவை நகர்த்திவிடும். கட்டுரையைப் படித்து, வீட்டில் ஜாக்கி போட்டுக் கேம்பர் போல்ட்டை மாற்றிக்கொண்டு, நிமிர்ந்து நிற்கும் சக்கரத்தைப் பார்த்து மகிழ்ந்து, அலைன்மென்ட் செய்யாமல் ஓட்டத் தொடங்கும் வாசகர், முன்பைவிட வேகமாக டயரை இழப்பார். போல்ட் பொருத்தியதும் டோவை மீண்டும் அமைப்பது கட்டாயம் என்ற ஒரு வாக்கியத்தைத் தாங்கள் திருத்தமாக வெளியிட்டால் நன்றாயிருக்கும்.

அலைன்மென்ட் மேசையில் ஏற்றும் முன்பே முடிந்திருக்க வேண்டிய ஒரு வேலையும் இருக்கிறது. நல்ல மெக்கானிக்குகள்கூட அவசரத்தில் இதைத் தவிர்த்துவிடுகிறார்கள். லோயர் ஆர்ம் காரோடு இணையும் இடத்தில் இருக்கும் ரப்பர் புஷ் பேரிங் போலச் சுழல்வதில்லை. அதன் உள்ளே உள்ள இரும்புக்குழல் போல்ட்டால் இறுக்கிப் பிடிக்கப்பட்டிருக்கும். வெளிவளையம் ஆர்மோடு சேர்ந்து நகரும். நடுவில் உள்ள ரப்பர் முறுக்கிக்கொண்டு ஈடுகொடுக்கும். தொழிற்சாலையில் அந்தப் போல்ட் காரின் இயல்பான உயரத்தில் இறுக்கப்பட்டதால், நிற்கும் நிலையில் ரப்பரில் முறுக்கு இருக்காது. காரைத் தாழ்த்திய பிறகு அதே ரப்பர் எந்நேரமும் முறுக்கிய நிலையிலேயே இருக்கும். லிஃப்ட்டில் தூக்கி, சக்கரங்கள் தொங்கும் நிலையில் போல்ட்டை இறுக்கினால் முறுக்கு இன்னும் மோசமாகும். சக்கரங்கள் தரையில் பாரம் தாங்கி நிற்கும்போது, புதிய உயரத்தில் போல்ட்டுகளைத் தளர்த்தி, காரை இரண்டு மூன்று முறை அமுக்கிவிட்டு, பிறகு குறித்த டார்க் (முறுக்குவிசை) அளவில் இறுக்க வேண்டும். இதைச் செய்யாமல் விட்ட கார்களில் புஷ் ரப்பர் இரும்பிலிருந்து பிய்ந்து விரிசல் விடுவதைக் கண்ணால் காணலாம். அப்படிப்பட்ட காரில் மேசையின் மேல் எவ்வளவு துல்லியமாக டோ வைத்தாலும், பிரேக் பிடிக்கும்போது ஆர்ம் பின்வாங்கி அந்த அளவைக் கலைத்துவிடும்.

புதிய ஸ்பிரிங்குகள் சில நூறு கிலோமீட்டர் ஓடிய பிறகே தங்கள் இறுதி உயரத்தில் படியும். அதனால் ஸ்பிரிங் மாற்றியதும் டோவை மட்டும் அமைத்துக்கொண்டு, படிந்த பிறகு முழு அலைன்மென்ட் செய்வதே முறை. இரண்டாவது தடவை எதற்கு என்று முதலாவதையே தள்ளிப்போடுபவர்கள் உண்டு. அந்தச் சில நூறு கிலோமீட்டரே ஒரு டயரின் உள்விளிம்பில் தேய்மானத்தைத் தொடங்கி வைக்கப் போதுமானது. மேசையில் ஏற்றும்போது நான்கு டயர்களிலும் காற்று சரியாக இருக்க வேண்டும். டிக்கியில் கிடக்கும் கனமான பொருள்களை எடுத்துவிட வேண்டும். பால் ஜாயின்ட்டிலோ டை ராட் எண்டிலோ ஆட்டம் இருந்தால் முதலில் அதை மாற்ற வேண்டும். திருத்தும் வரிசையும் முக்கியம்: முதலில் பின்பக்கம், பிறகு முன்பக்கக் காஸ்டரும் (ஸ்டியரிங் அச்சின் முன்பின் சாய்வு) கேம்பரும், எல்லாவற்றுக்கும் கடைசியாக முன்பக்க டோ. ஸ்டியரிங் நேராகப் பூட்டப்பட்ட நிலையில் இரு டை ராட்டுகளையும் தனித்தனியே திருத்த வேண்டும். நேரம் மிச்சப்படுத்த ஒரு பக்கத்தை மட்டும் திருப்பி மொத்தக் கூட்டுத்தொகையைச் சரிக்கட்டுவது தவறு.

வேலை முடிந்ததும் அச்சிட்ட தாளைக் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள். அதில் திருத்துவதற்கு முன்னிருந்த அளவும் திருத்திய பின் உள்ள அளவும் இருக்க வேண்டும். பச்சை நிறத்தைப் பார்த்ததும் நிம்மதியடைந்துவிடக் கூடாது. அந்தப் பச்சை, நிறுவனம் இயல்பான உயரத்துக்குக் குறித்த எல்லைக்குள் அளவு இருக்கிறது என்பதை மட்டுமே சொல்கிறது. எல்லையின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டிருக்கும் டோவும் பச்சையாகத்தான் தெரியும். தாழ்த்திய காரில் கேம்பர் சிவப்பிலேயே நின்றுவிடுவது பல நேரங்களில் தவிர்க்க முடியாதது; இடது வலது சக்கரங்களுக்கிடையே வேறுபாடு அரை டிகிரிக்குள் இருந்தால் அதற்காக நான் பெரிதாகக் கவலைப்பட மாட்டேன். ஆனால், டோ எல்லையின் நடுவில் நிற்கும்வரை மெக்கானிக்கை விடக் கூடாது. கூடுதல் நெகட்டிவ் கேம்பர் இருக்கும் காரில், அந்த நடுவையும்விட, டோவைப் பூஜ்யத்தை ஒட்டி, அந்தக் காருக்கு அனுமதிக்கப்பட்ட எல்லைக்குள் வைப்பது டயருக்கு நல்லது என்பது என் கருத்து.

தேய்மானத்தை உரிமையாளரே கண்காணிக்க முடியும். நின்றபடி பார்த்தால் வெளிப்பக்கம்தான் தெரியும். அங்கே பட்டன் (தரையைத் தொடும் ரப்பர்க் கட்டைகள்) 5 மில்லிமீட்டர் ஆழத்தோடு ஆரோக்கியமாக இருக்கும்போதே உள்தோளில் கம்பி எட்டிப் பார்க்கத் தொடங்கியிருக்கலாம். ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதுமாகத் திருப்பிவிட்டு, கைபேசி விளக்கை அடித்து உள்விளிம்பைப் பார்க்க வேண்டும். பல நாடுகளில் சட்டம் குறிக்கும் 1.6 மில்லிமீட்டர் எல்லையைக் காட்டும் தேய்மானக் குறிகள் முதன்மைப் பள்ளங்களில்தான் இருக்கும் என்பதால், உள்தோள் மொட்டையானதை அவை காட்டிக்கொடுக்காது. கம்பி தெரிவதற்கு வெகு முன்பே உள்ளங்கை சொல்லிவிடும்: டயரின் குறுக்கே உள்ளிருந்து வெளியே ஒருமுறை, வெளியிலிருந்து உள்ளே ஒருமுறை தடவிப் பார்த்தால், ஒரு திசையில் வழுவழுப்பாகவும் எதிர்த்திசையில் ரம்பப் பற்களைப் போலச் சுணையாகவும் இருப்பது டோ பிசகியதன் கையெழுத்து. சுணை இல்லாமல் உள்பக்கம் மட்டும் வழவழவென்று சரிந்து தேய்ந்திருந்தால் கேம்பரைச் சந்தேகிக்கலாம். இரு தோள்களும் ஒன்றாகத் தேய்ந்திருந்தால் காற்று குறைவு. அங்கங்கே குழிகுழியாகத் தேய்ந்திருந்தால், புதிய ஸ்பிரிங்கின் விறைப்புக்கு ஈடுகொடுக்க முடியாத பழைய ஷாக் அப்சார்பரைப் பார்க்க வேண்டும். டயர்களை முன்பின்னாக மாற்றிப் போடுவதற்கு முன்பே இதையெல்லாம் பார்த்துவிடுவது நல்லது; மாற்றிப் போட்ட பிறகு எந்தச் சக்கரம் குற்றவாளி என்பதற்கான சாட்சியம் கலைந்துவிடுகிறது.

ஸ்பிரிங்கை அறுத்தும் நெருப்பில் காட்டியும் தாழ்த்துவதைப் பற்றி அதிகம் எழுத வேண்டியதில்லை. நெருப்பு எஃகின் பதத்தைக் கெடுத்துவிடும். அறுத்த ஸ்பிரிங் சக்கரம் தொங்கும்போது தன் இருக்கையிலிருந்து நழுவக்கூடும். இடப்பக்கமும் வலப்பக்கமும் ஒரே உயரத்தில் நிற்கும் என்பதற்கு உறுதி கிடையாது. அப்படிப்பட்ட காரை அலைன்மென்ட் செய்து பயனில்லை. தானாக மட்டம் மாறும் முகப்பு விளக்குகளும் முன்கண்ணாடியின் பின்னே கேமராவும் கொண்ட கார்களில், உயரத்தையும் அலைன்மென்ட்டையும் மாற்றிய பிறகு அவற்றின் அளவுத்திருத்தத்தையும் நிறுவனக் கையேட்டின்படி சரிபார்க்க வேண்டும்.

உள்விளிம்பு தேயத் தொடங்கிய டயரை ரிம்மில் திருப்பிப் போட்டு மிச்ச ஆயுளைப் பெறலாமா என்று பலரும் கேட்கிறார்கள். இரு பக்கமும் ஒரே வடிவமுள்ள, சுழலும் திசை குறிக்கப்படாத டயர் என்றால், கம்பியோ துணியோ தெரியாதவரை, டோவைச் சரிசெய்த பிறகு அப்படிச் செய்யலாம். வெளிப்பக்கம் எதுவென்று பக்கச்சுவரில் குறித்திருக்கும் டயரைத் திருப்பிப் போடக் கூடாது. கம்பி தெரிந்துவிட்ட டயர் எந்தப் பக்கம் போட்டாலும் ஓட்டத் தகுதியற்றது. புதிய டயர் வாங்குபவர்கள், அதை மாட்டிய அன்றே, அடுத்த பயணத்துக்கு முன்பே, காரை அலைன்மென்ட் மேசையில் ஏற்றிவிட வேண்டும்.

இப்படிக்கு,
வீல் அலைன்மென்ட் தொழிலில் உள்ள ஒரு வாசகர்